ராக் அணித் தேர்வு: கிட்டாரிலிருந்து தொடங்காதீர்கள்

பழைய ராக் இசை கேட்கிற நான்கு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்த விளையாட்டு ஆரம்பித்துவிடும். டிரம்ஸுக்கு யார், பேஸுக்கு யார், கிட்டாருக்கு யார், பாடுவதற்கு யார் என்று ஆளுக்கொரு அணி போடுவது. கிரிக்கெட்டில் எல்லாக் காலத்துக்குமான பதினொருவரைத் தேர்ந்தெடுப்போமே, அது மாதிரி. எல்லோரும் கிட்டாரில் தொடங்குவார்கள், ஹென்ட்ரிக்ஸா ஜிம்மி பேஜா கிளாப்டனா என்று தொண்டை கட்டும்வரை சண்டை போடுவார்கள், பேஸ் கிட்டாருக்கு வரும்போது யாருக்கும் தெம்பு இருக்காது, "சரி, மெக்கார்ட்னின்னு போட்டுக்கோ" என்று முடித்துவிடுவார்கள். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னிதான் சரியான விடை என்பது என் கட்சியும்கூட. ஆனால் கணக்கைப் போடாமல் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

யார் வேகமாக வாசிக்கிறார், யார் நீளமாக சோலோ வாசிக்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தால் இந்தத் தேர்வு எங்கும் போய்ச் சேராது. நான் வைத்திருப்பது ஒரே ஒரு அளவுகோல். அந்த ஆளைப் பாட்டிலிருந்து கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? பாட்டு கொஞ்சம் வெளுத்துப்போனது போல இருந்தால் அவர் நல்ல வாத்தியக்காரர், அவ்வளவுதான். பாட்டே படுத்துவிட்டால் அவர் நம் ஆள். இப்படி மனதுக்குள் கழித்துக் கேட்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், பழகிக்கொள்ள பீட்டில்ஸ் வசதியாக இருப்பார்கள். 1965இல் வந்த 'ரப்பர் சோல்' ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பில் பல பாடல்களில் வாத்தியங்கள் ஒரு பக்கமும் குரல்கள் மறு பக்கமுமாக இருக்கும். ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினால் போதும், பாடகர்கள் எழுந்து வெளியே போய்விட்டது போல இருக்கும், மிச்சம் இருப்பவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் பேஸ் கிட்டார் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்று காதில் விழும்.

இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு அணி போடாதீர்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி ஒலிப்பது சுமார் 41 ஹெர்ட்ஸில். சட்டைப் பொத்தான் அளவுள்ள ஸ்பீக்கரால் அந்த மந்தர ஒலியை உருப்படியாக எழுப்ப முடியாது, அதன் மேல்விளிம்பு மட்டும் ஏதோ முணுமுணுப்பு போல வரும். பேஸ் வாசித்தவர்களுக்கு இந்த விளையாட்டில் ஓட்டு விழாததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

'கிளாசிக் ராக்' என்று இவர்கள் வாசித்த காலத்தில் யாரும் சொல்லவில்லை. 1980களில் அமெரிக்க எஃப்எம் நிலையங்கள் 60களின் நடுவிலிருந்து 70களின் கடைசிவரை வந்த பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போட ஆரம்பித்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தப் பதினைந்து வருடத்தைத்தான் நானும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் இத்தனை பெயர்கள் குவிந்து கிடப்பதற்குத் திறமை மட்டும் காரணமில்லை, ஒவ்வொரு வாத்தியத்தின் வேலையும் அந்தச் சமயத்தில்தான் மாறிக்கொண்டிருந்தது. 1965இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 100 வாட் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) செய்தார்கள், கேட்டு வாங்கியவர்கள் தி ஹூ குழுக்காரர்கள். பீட்டில்ஸ் 1967இலும் நான்கு டிராக் டேப்பில்தான், அதாவது தனித்தனியாகப் பதிய நான்கே தடங்களில்தான், பதிவு செய்தார்கள், 70களின் நடுவில் 24 டிராக் வந்துவிட்டது. சத்தமும் இடமும் திடீரென்று கிடைத்தன. அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

டிரம்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த ஸ்டூலில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து மற்ற எல்லோருடைய வாசிப்பும் மாறும். என் ஆள் லெட் செப்பலினின் ஜான் பான்ஹம். பெரும்பாலானவர்கள் சொல்லும் பெயர்தான், ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் எனக்கு ஒத்துவராது. பலமாக அடிப்பார் என்பார்கள். பலமாக அடிக்க அந்தக் காலத்தில் ஆளுக்கா பஞ்சம்? 1971இல் வந்த நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்' எப்படிப் பதிவானது என்று பார்த்தால் விஷயம் புரியும். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய வீடு, 18ஆம் நூற்றாண்டில் ஏழைகள் விடுதியாகக் கட்டியது. அதன் கூடத்தில், உயரமான மாடிப்படிக்கு அடியில் டிரம்ஸை வைத்துவிட்டு, மேலே மாடியிலிருந்து இரண்டே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ். வழக்கமாகச் செய்வது போல ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் தனித்தனி மைக் கிடையாது, பேஸ் டிரம்முக்குக்கூட இல்லை. அந்தப் பிரமாண்டமான எதிரொலி படிக்கட்டிலிருந்து வந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு மைக் மட்டும் தூரத்தில் இருந்தால், பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஸ்னேர் டிரம்மைக் கொஞ்சம் கூட்டு, சிம்பல் தட்டைக் குறை என்று சரிசெய்ய வழியே இல்லை. எந்த அடி எவ்வளவு கனமாக விழ வேண்டும் என்பது முழுக்க அவர் கை கால்களிலேயே இருந்தாக வேண்டும். இருந்தது. அந்தப் பாட்டின் முதல் சில விநாடிகளை 1986இல் பீஸ்டி பாய்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு அப்படியே வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள், ராப்புக்கும் பொருந்தியது.

1969இல் வந்த லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் காலால் மும்மூன்றாக அடித்துத் தள்ளும் ஒரு தாளம் வரும். இரண்டு பேஸ் டிரம், இரண்டு கால் என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே டிரம், ஒரே கால். கழித்தல் கணக்குக்கு வந்தால், இவர் விஷயத்தில் அதை வாழ்க்கையே போட்டுக் காட்டிவிட்டது. 1980 செப்டம்பர் 25 அன்று, 32 வயதில் பான்ஹம் இறந்தார், டிசம்பரில் மற்ற மூவரும் குழுவைக் கலைப்பதாக அறிவித்துவிட்டார்கள். அப்போது வேலையில்லாமல் எத்தனையோ நல்ல டிரம்மர்கள் இருந்தார்கள், யாரையும் போட்டுப் பார்க்கவில்லை. 2007இல் லண்டன் ஓ2 அரங்கில் ஒரு இரவுக்காகச் சேர்ந்து வாசித்தபோது அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது அவர் மகன் ஜேசன்.

சார்லி வாட்ஸைத் தள்ளிவிட மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி வீடியோ எதையாவது பாருங்கள், வலது கையால் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டில் விடாமல் அடித்துக்கொண்டே வருவார், இடது கை ஸ்னேரில் இறங்கும் நேரத்தில் மட்டும் வலது கை ஹை-ஹாட்டை விட்டுவிட்டுச் சும்மா மேலே எழும்பும். ஒரு அடியை அடிக்காமல் விடுகிறார், அந்த இடைவெளியில்தான் ஸ்டோன்ஸ் பாட்டின் நடையே இருக்கிறது. பீட்டில்ஸின் ரிங்கோவை மட்டம் தட்டுவது ஒரு காலத்தில் ஃபேஷனாக இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. அவர் இடதுகைக்காரர், உட்கார்ந்ததோ வலதுகைக்காரருக்கு அமைத்த டிரம்ஸில், அதனால் டிரம்ஸைச் சுற்றி உருட்டும்போது கை எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும். ரஷ் குழுவின் நீல் பியர்ட்டை ஏன் விட்டாய் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அவர் வாசிப்பதை உட்கார்ந்து வியக்க முடிகிறது, தலையாட்ட முடியவில்லை. என் குறையாகவே இருக்கட்டும்.

அடுத்தது பேஸ். பக்கவாத்தியம்தானே என்று நினைப்பவர்களுக்கு மெக்கார்ட்னியின் கதை பொருத்தமானது, ஏனென்றால் அவரும் அப்படித்தான் நினைத்தார். 1961இல் ஹாம்பர்க்கில் அதுவரை பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பீட்டில்ஸ் குழுவிலிருந்து விலகியபோது பேஸை எடுக்க யாருக்கும் விருப்பமில்லை, அது மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. அங்கேயே ஒரு கடையில் சுமார் 30 பவுண்டு கொடுத்து வயலின் வடிவத்தில் இருந்த ஹாஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் தன்னைப் போன்ற இடதுகைக்காரர் மாட்டிக்கொண்டாலும் கோணலாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். (அந்த பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போய், ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்துக் கிடைத்து, 2024இல் அவர் கைக்குத் திரும்பிய செய்தி வந்தது. திருடனுக்கு அதை எங்கே விற்பது என்று தெரிந்திருக்காது.)

வேண்டாவெறுப்பாக எடுத்த வாத்தியம் எப்படி இப்படி ஆனது என்பதற்குக் காதல், தவம் என்றெல்லாம் சொல்வதைவிட வேலை நடந்த முறையைப் பார்ப்பது நல்லது. 1966, 67 வாக்கில் பீட்டில்ஸ் மேடைக் கச்சேரியை நிறுத்திவிட்டு ஸ்டூடியோவிலேயே கிடந்தபோது, மெக்கார்ட்னி பல பாட்டுகளில் பேஸைக் கடைசியாக, தனி டிராக்கில் வாசிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, பாட்டு முழுவதும் காதில் இருக்க, எங்கே காலி இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாசிக்கும் பேஸ் வேறு மாதிரிதான் இருக்கும். அது ஒரு இரண்டாவது மெட்டு. 1969இல் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'சம்திங்' பாட்டில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், ஹாரிசன் பாடுகிற மெட்டுக்குப் பக்கத்தில் இன்னொருவர் வார்த்தையில்லாமல் பாடிக்கொண்டே நடப்பது போல இருக்கும். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கழித்துப் பார்த்தால் பாட்டில் பாதி உருக்கம் போய்விடுகிறது.

அவருக்கு வழி காட்டியவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும், அமெரிக்காவில் மோடவுன் என்ற நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். மெக்கார்ட்னியே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த பேஸைக் கேட்டுச் சொக்கிய காலத்தில் வாசித்தது யார் என்று வெளியே யாருக்கும் தெரியாது, மோடவுன் உறைகளில் வாத்தியக்காரர் பெயரே போடமாட்டார்கள். 1971இல் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் ஜேமர்சன் பெயர் அச்சில் வந்தது. நாம் ராக் பட்டியல் போடும்போது பெயர் அச்சானவர்களை மட்டும் வைத்துத்தான் போடுகிறோம் என்பது அவ்வப்போது உறுத்த வேண்டிய விஷயம்.

மெக்கார்ட்னிக்கு உண்மையான போட்டி தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில். இவரைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்தக் குழுவையே பேச வேண்டும், அங்கே எல்லாம் தலைகீழ். சாதாரணமாக டிரம்ஸும் பேஸும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், கிட்டார் அதன்மேல் துள்ளும். தி ஹூவில் டிரம்மர் கீத் மூன் ஹை-ஹாட்டில் சீராகத் தாளம் போடுவதை ஏதோ கூலி வேலை போல நினைத்தார், எந்நேரமும் சிம்பல்களையும் டாம்களையும் உருட்டிக்கொண்டே இருப்பார், யாரோ பாடுகிறார்களே என்ற கவலையே இருக்காது. கிட்டார் வாசித்த பீட் டவுன்சென்ட்தான் கையை வீசி வீசித் தந்திகளை மொத்தமாக அறைந்து காலத்தைக் காத்தார். லீட் கிட்டார் செய்ய வேண்டியதை என்ட்விசில் பேஸில் செய்தார், மற்ற பேஸ்காரர்கள் போலக் கும்மென்று இல்லாமல் பியானோ கம்பி மாதிரி கணீரென்ற ஒலி. 1965இல் 'மை ஜெனரேஷன்' பாட்டில் கிட்டார் சோலோ வர வேண்டிய இடத்தில் பேஸ் சோலோ வரும். மேடையில் மற்ற மூவரும் குதித்துக்கொண்டிருப்பார்கள், இவர் தூண் மாதிரி நிற்பார், விரல் மட்டும் ஓடும். இவரைக் கழித்தால் அந்தக் குழுவில் தரை இருக்காது. அப்புறம் ஏன் மெக்கார்ட்னி? என்ட்விசில் வாசித்தது மூனுக்கும் டவுன்சென்ட்டுக்கும் நடுவில் மட்டும் பொருந்துகிற வாசிப்பு. பான்ஹமுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினால் இரண்டு லாரி ஒரே சந்தில் நுழைந்தது போல ஆகிவிடும். 1978இல் மூன் இறந்த பிறகு வந்த கென்னி ஜோன்ஸ் சுத்தமான டிரம்மர், ஆனால் நேராகத் தாளம் போட ஒருவர் வந்தவுடன் மற்றவர்கள் இதுவரை எதைச் சுற்றி வாசித்தார்களோ அது இல்லாமல் போனது காதிலேயே தெரியும்.

கிட்டாருக்கு வந்துவிட்டோம். இங்கே எல்லோரும் செய்கிற தவறு ஒரே இடம் இருப்பதாக நினைப்பது. இரண்டு இடம் இருக்கிறது, பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளை அடித்துத் தாளத்தைத் தாங்கும் ரிதம், மேலே மெட்டும் சோலோவும் வாசிக்கும் லீட். ரிதம் கிட்டாருக்கு நான் ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டேன், ஏசி டிசியின் மால்கம் யங். பள்ளிக்கூடச் சீருடையில் மேடை முழுக்க ஓடுகிற தம்பி ஆங்கஸைத்தான் எல்லோருக்கும் தெரியும், அண்ணன் பின்னால் ஆம்ப் பக்கத்தில் நிற்பார், சேர்ந்து பாட மட்டும் மைக்குக்கு வந்து போவார். தடித்த கம்பிகள், கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பிக்கப்பை (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தம்) மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிய பழைய கிரெட்ச் கிட்டார், பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவான டிஸ்டார்ஷன் (ஒலி உடைந்து வரும் கரகரப்பு). சத்தம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் ஆம்பில் இல்லை, அடிக்கிற மணிக்கட்டில் இருக்கிறது. அதைவிட முக்கியம், எப்போது கம்பியை அமுக்கி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும். 'பேக் இன் பிளாக்' தொடங்கும்போது கார்டுகளுக்கு நடுவில் வருகிற மௌனத்தை எண்ணிப் பாருங்கள், அந்த மௌனமும் சேர்ந்துதான் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு). கீத் ரிச்சர்ட்ஸும் இந்த இடத்துக்கு உரியவர், அடிக்கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்தே கம்பியில் திறந்த ஜி சுருதி வைத்து அவர் செய்ததைத் தனியாகத்தான் எழுத வேண்டும், அவரை வெளியே வைப்பதற்குச் சார்லி வாட்ஸ் மட்டுமே காரணம். ஸ்டோன்ஸில் குழு டிரம்மரைப் பின்பற்றாது, டிரம்மர்தான் கீத் ரிச்சர்ட்ஸைப் பின்பற்றுவார் என்று அவர்களோடு பேஸ் வாசித்த பில் வைமன் விளக்கியிருக்கிறார். பான்ஹம் யாரையும் அப்படிப் பின்பற்றுவதாக என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

லீட் கிட்டாருக்கு ஹென்ட்ரிக்ஸ். இதற்காகச் சண்டை போட்டு நேரம் போக்க வேண்டாம், ஆனால் காரணத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம். பல்லால் வாசித்தார், 1967இல் மான்டரேயில் கிட்டாரைக் கொளுத்தினார் என்பதெல்லாம் புகைப்படத்துக்கு நல்லது. 1966 செப்டம்பரில் மேனேஜர் சாஸ் சாண்ட்லர் அவரை லண்டனுக்கு அழைத்து வந்தபோது அங்கே ஏற்கெனவே கிளாப்டனும் ஜெஃப் பெக்கும் இருந்தார்கள், வேகமாக சோலோ வாசிப்பது அந்த ஊருக்குப் புதிதில்லை. புதிதாக இருந்தது, ரிதமும் லீடும் தனித்தனி வேலை என்பதையே அவர் ஒத்துக்கொள்ளாதது. நீளமான கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து அடிக்கம்பியை அமுக்கிக்கொள்வார், மற்ற நான்கு விரல்களும் விடுதலையாகிவிடும், அதனால் கார்டு பிடித்தபடியே அதன் உள்ளிருந்து மெட்டை உருவி எடுக்க முடிந்தது. 'லிட்டில் விங்' தொடக்கத்தில் கேட்பது ஒரே ஒரு கிட்டார்தான். வலதுகைக்காரருக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திருப்பிப் பிடித்துக் கம்பிகளை மாற்றிக் கட்டியதில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. அந்தக் கிட்டாரில் கடைசி பிக்கப் சாய்வாக இருக்கும், திருப்பினால் சாய்வும் திரும்பும், தடித்த கம்பிகள் கொஞ்சம் கூர்மையாகவும் மெல்லிய கம்பிகள் கொஞ்சம் குழைவாகவும் ஒலிக்கும். 1968இல் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பதிவின்போது பேஸ்காரர் நோயல் ரெடிங் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட, பேஸையும் ஹென்ட்ரிக்ஸே வாசித்தார். அதைக் கேட்டால் அவருடைய தாள ஞானம் எப்படிப்பட்டது என்று சந்தேகமே இருக்காது. கழித்தல் கணக்கு இங்கே வேலை செய்யாது, அவரைக் கழித்தால் கழிப்பதற்குப் பாட்டே இருக்காது.

இந்த இடத்தில் டோனி அயோமிக்கு ஒரு சலாம். பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலையில் 17 வயதில் வலது கையின் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது, அவரும் இடதுகைக்காரர், அதாவது கம்பியை அமுக்குகிற கையே போனது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மெல்லிய கம்பி கட்டி, பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கி வாசித்தார். பிளாக் சபாத்தின் அந்தக் கனமான ஒலியில் அந்த விபத்துக்கும் பங்கு உண்டு, அதன்மேல் எழுந்ததுதான் ஹெவி மெட்டல் முழுவதும். ஹென்ட்ரிக்ஸ் மட்டும் இல்லையென்றால் என் ஓட்டு இவருக்குத்தான்.

கீபோர்டில் என் கணக்கும் என் மனசும் ஒத்துப்போகவில்லை. கணக்குப்படி டோர்ஸ் குழுவின் ரே மன்சாரெக் வர வேண்டும், ஏனென்றால் மேடையில் அந்தக் குழுவுக்குப் பேஸ்காரரே கிடையாது, இடது கையால் சின்ன ரோட்ஸ் பியானோ பேஸிலும் வலது கையால் ஆர்கனிலும் இரண்டு பேர் வேலையை அவர் பார்த்தார். ஆனால் ஸ்டூடியோவுக்குள் போனதும் பல பாட்டுகளுக்கு வெளியிலிருந்து பேஸ்காரரை அழைத்துக்கொண்டார்கள், அதனால் எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. என் தேர்வு டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட். ஹாமண்ட் ஆர்கன் 1935இல் பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்காகச் சந்தைக்கு வந்த வாத்தியம், உள்ளே 91 உலோகச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். பியானோ போல இல்லை, கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான், கூட்டிக் குறைக்கக் காலடியில் ஒரு பெடல். இப்படி ஒரு சாதுவான பெட்டியை எடுத்துக் கிட்டார்காரர்களின் மார்ஷல் ஆம்பில் செருகினார் லார்ட். உறுமல் வந்துவிட்டது. டீப் பர்ப்பிளுக்கு இரண்டாவது கிட்டாரே தேவைப்படாமல் போனதற்கு இதுதான் காரணம், 1972இன் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் கிட்டார் என்று நீங்கள் நினைக்கும் பல இடங்களில் பாதி ஒலி ஆர்கனுடையது. அதே மனிதர் 1969இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவையும் ராக் குழுவையும் சேர்த்து வாசிக்க ஒரு முழு கான்செர்டோ எழுதினார், அது பாதி நன்றாக இருக்கும்.

குரல். க்வீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி, வேறு யார். சான்சிபாரில் பிறந்த பார்சி, இளவயதில் படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில், அங்கே பள்ளியில் ஒரு குழு வைத்து பியானோ வாசித்திருக்கிறார். ஆனால் அவர் விஷயத்தில் கழித்தல் கணக்கு ஒரு வேடிக்கையைக் காட்டும். 'பொஹீமியன் ராப்ஸடி'யில் அடுக்கடுக்காக வரும் அந்தக் கூட்டுக் குரல் முழுவதும் அவருடையது என்று நினைத்திருப்பீர்கள். 24 டிராக் டேப்பில் மெர்க்குரி, அதே குழுவின் பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரும் குரல் மேல் குரலாக வைத்துக் கட்டியது அது, உச்சியில் கீச்சென்று போவது டிரம்மர் டெய்லர். அப்படியானால் ஃப்ரெடியை மட்டும் எடை போட எங்கே போவது? 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி அரங்கம், லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி. சுமார் 21 நிமிடம், அடுக்கிய குரல் கிடையாது, வெயிலில் 70,000க்கும் மேல் கூட்டம், நடுவில் வார்த்தையே இல்லாமல் அவர் ஒரு சங்கதி போட, அரங்கமே அதைத் திருப்பிப் பாடுகிறது. அது போதும்.

பாடுவது என்றால் முன்னால் நிற்பவர் மட்டுமில்லை. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு வந்து, பிங்க் ஃப்ளாய்டின் ரிக் ரைட் எழுதிய பியானோ இசைக்கு மேல் சொற்களில்லாமல் குரலெடுத்துவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார் பாடகி கிளேர் டாரி. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டிலிருந்து அவரைக் கழித்தால் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2004இல் அவர் வழக்குப் போட்டு, மறுவருடம் சமரசமாகி, அதன் பிறகுதான் இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது.

சாக்ஸபோனுக்கு கிளாரன்ஸ் கிளெமன்ஸ், 1975இல் ஸ்பிரிங்ஸ்டீனின் 'ஜங்கிள்லேண்ட்' சோலோ ஒன்றே சாட்சி. புல்லாங்குழலுக்கு ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன், போட்டிக்கு ஆளில்லை. கிளாப்டன் மாதிரி கிட்டார் வாசிக்க வராது என்று தெரிந்ததும் கிட்டாரைக் கொடுத்துவிட்டுக் குழலை வாங்கியவர், புத்திசாலி.

ஆக பான்ஹம், மெக்கார்ட்னி, மால்கம் யங், ஹென்ட்ரிக்ஸ், லார்ட், மெர்க்குரி. இவர்களை ஒரே அறையில் விட்டால் நல்ல இசை வருமா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1966இல் ஜிஞ்சர் பேக்கர், ஜாக் புரூஸ், எரிக் கிளாப்டன் மூவரும் சேர்ந்தபோது அவரவர் வாத்தியத்தில் பிரிட்டனிலேயே முதலாவது ஆட்கள், அந்தத் திமிரில்தான் குழுவுக்கு கிரீம் என்றே பெயர் வைத்தார்கள். பேக்கரும் புரூஸும் முந்தைய குழுவிலேயே அடித்துக்கொண்டவர்கள், புரூஸ் இருந்தால்தான் வருவேன் என்று கிளாப்டன் நிபந்தனை போட்டதால் சகித்துக்கொண்டார்கள். 1968 நவம்பரில் விடைபெறும் கச்சேரி நடந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சோலோ வாசிப்பது போன்ற அந்த நீளமான நேரடிப் பதிவுகளைக் கேட்கும்போது எனக்குச் சிலிர்ப்பும் வரும், சமயத்தில் கொட்டாவியும் வரும்.

ஆனால் இந்த விளையாட்டை நிஜமாகவே ஒரு நாள் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். 1966 மே 16, லண்டன் ஐபிசி ஸ்டூடியோ. கிட்டாருக்கு ஜெஃப் பெக், பன்னிரண்டு கம்பிக் கிட்டாருக்கு ஜிம்மி பேஜ், பியானோவுக்கு நிக்கி ஹாப்கின்ஸ். பேஸுக்கு வர வேண்டியவர் என்ட்விசில், அவர் வராததால் ஜான் பால் ஜோன்ஸ். டிரம்ஸுக்கு கீத் மூன், சொந்தக் குழுவுக்குத் தெரியாமல் வந்ததால் கறுப்புக் கண்ணாடியும் பெரிய தொப்பியுமாக மாறுவேடத்தில். பதிவானது ஒரே ஒரு பாட்டு, 'பெக்ஸ் பொலேரோ', மூன்று நிமிடம்கூட இல்லை. எழுதியது யார் என்று பெக்கும் பேஜும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. இதையே குழுவாக்கிவிடலாம் என்ற பேச்சு வந்தது, பாடகர் கிடைக்காமல் அதோடு நின்றது. பேஜும் ஜோன்ஸும் மட்டும் இரண்டு வருடம் கழித்து பான்ஹமோடும் பாடகர் ராபர்ட் பிளாண்டோடும் சேர்ந்து லெட் செப்பலினைத் தொடங்கினார்கள், அதற்கு வைத்த பெயர்கூட மூனோ என்ட்விசிலோ விளையாட்டாகச் சொன்னதிலிருந்து வந்தது. அந்தப் பாட்டின் நடுவில் மூன் ஒரு கத்து கத்துவார், உடனே வேகம் மாறும். அந்த உற்சாகத்தில் டிரம்ஸ் மைக்கையே அடித்து வீழ்த்திவிட்டார் என்றும், அதற்குப் பிறகு சிம்பல் மட்டும்தான் கேட்கும் என்றும் பெக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்ல இயர்போனில் கேட்டுப் பாருங்கள், கத்தலுக்கு முன்னால் டிரம்ஸ் எப்படி இருந்தது, பின்னால் எங்கே போனது என்று.